இன்னொரு ஊசி

"தோளு ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு, அஞ்சுகம்."

பெயின்ட் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு ஐயனார் மணலிலேயே சாய்ந்தான். மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகில் நீலம் பாதிதான் ஏறியிருந்தது. அதன் நிழலில் அவன் மனைவி தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தாள். நாலு வாய் தின்றதும் தன் பங்கை அவன் பக்கம் தள்ளினாள். வெயிலில் கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்று தெற்கே ஆகாயத்தில் மிதந்தது.

கப்பலைப் பார்த்தபடியே அவன் சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடப்பது பிடிக்காதாம். வாசலில் ஒரு பாய் போதுமாம். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவது போலப் போய்விட வேண்டுமாம்.

"வெயில்ல மண்டை காஞ்சு போச்சா? தோளுக்குன்னு நேத்து டாக்டரப் பாத்துட்டு வந்ததுலேர்ந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க."

அவன் விடவில்லை. "அப்படி ஒரு நாள் வந்தா, 'போதும், வீட்டுக்குக் கொண்டு போறோம்'னு டாக்டர்கிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன்."

அவள் யோசிக்கக்கூட இல்லை. அவன் எழுந்து உட்கார்ந்தான். உனக்கென்றால் என்ன செய்யச் சொல்வாய் என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்கும் அப்படித்தான். இன்னொரு ஊசி இருக்குன்னா அதையும் போட்டுப் பாக்கணும். வலிச்சா வலிச்சுட்டுப் போவுது. ஐப்பசியில பாரதிக்குப் புள்ள பொறக்கப் போவுது. மவ புள்ளையத் தூக்காம நான் போறதா?"

அலை வந்து போனது. அவன் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் குரல் இறங்கியது. "டாக்டர் என்னதான் சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. சதைப்பிடிப்புதான்."

அவள் நம்பவில்லை. அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதுவானாலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள். உப்புக் காற்றில் அவனுக்குக் கண் சொக்கியது.

அவனுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. கட்டி இருந்தது அவள் வயிற்றில். அவளுக்கு எடுத்த ஸ்கேனைக் காட்டி நேற்று டாக்டர் சொன்னது அதைத்தான். அவளிடம் வாய்வு என்று சொல்லிவிட்டு, வைத்தியம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று நேற்று டாக்டரிடம் அவனே முடிவு சொல்லியிருந்தான். அதை அவளிடம் சொல்ல வேண்டிய கடன் இன்னும் பாக்கி இருந்தது.