வராத நூற்றைம்பது

“சொந்த வூட்டுல இருக்கீங்க. அப்பறம் மாசா மாசம் அஞ்சாந்தேதி ஆயிரத்து இருநூறு ரூபா வாடகை யாருக்குப் போவுது தம்பி?”

சவரியார் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை பேக்கரி மேசையில் விரித்தார். மூன்று இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜான் பீட்டருக்கு வியர்த்தது. பெரம்பலூரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவனுக்கு. இன்று அவனைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அது வந்து மாமா...”

“இன்னும் மாமா ஆவல. சார்னே சொல்லுங்க. பதில் சரியா இருந்தா, கோயில்ல சாமியாரப் பாத்து கல்யாண ஓலை எழுத நாள் குறிப்போம். இல்லன்னா பன்னெண்டு பத்து அரியலூர் பஸ்ஸுல ஊருக்குப் போயிடுவோம்.”

அவர் மகள் ஷாலினி மேரியின் போட்டோவை ஜான் பீட்டர் பர்ஸில் வைத்து இருபது நாள் ஆகிறது.

சவரியாரின் பக்கத்தில் அவர் மனைவி இன்னாசிமேரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“சர்வர் வாடகை சார்.”

“சர்வருக்குச் சம்பளம்தான் குடுப்பாங்க. வாடகை எதுக்கு?”

வடை கொண்டுவந்த சர்வர் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

“இது வேற சர்வர் சார். கம்ப்யூட்டர். ஒரு கேம் இருக்கு. அதுல நெலம் புடிச்சு, வூடு கட்டி, ஆடு மாடு வளக்கலாம். பொதுவுல வெளயாடுனா எவனாவது வந்து வூட்ட எரிச்சுட்டுப் போயிடுறான். அதான் எங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாடகைக்கு எடுத்துருக்கோம்.”

“பட்டா யாரு பேர்ல?”

“பட்டாலாம் கெடையாது சார். எல்லாம் போன்லயே.”

“பட்டா இல்லாத நெலத்துக்கு ஆயிரத்து இருநூறா?”

“எட்டு பேரு பிரிச்சுத்தான் கட்டுறோம் சார். தலைக்கு நூத்தம்பது. எனக்கு அனுப்பிடுவாங்க, நான் மொத்தமா கட்டிடுவேன்.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சவரியார் சிமெண்ட் ஆலையில் முப்பத்தோரு வருடம் லாரி எடை போட்டு ஓய்வு பெற்றவர். பேனாவை எடுத்து வரவுப் பக்கத்தில் மேலிருந்து கீழே வந்தார். மறுபடி கீழிருந்து மேலே போனார்.

“உங்கள விட்டா ஏழு பேரு. நூத்தம்பது ஆறு தடவதான் வந்துருக்கு. மூணு மாசமும் ஆறுதான். ஏழாவது ஆளு யாரு?”

ஜான் பீட்டர் தண்ணீர் குடித்தான்.

“அவங்ககிட்ட வாங்கறதில்ல சார். ஒம்போது மாசமா அவங்க பங்கையும் நானே போட்டுடறேன்.”

“அவங்கன்னா? பொம்பளயா?”

“ஆமா சார். முல்லைன்னு பேரு வச்சுருக்காங்க. நெசப் பேரு தெரியாது.”

“கேட்டியா மேரி! பேரு தெரியாது, ஊரு தெரியாது, மாசம் நூத்தம்பது செலவு மட்டும் பண்ணுவாராம்.” ஸ்டேட்மென்ட்டை நான்காக மடித்து எழுந்தார். “கெளம்பு.”

“டீ இருக்குல்ல” என்றாள் இன்னாசிமேரி. எழவில்லை.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அவங்க கல்யாணம் ஆனவங்க. வயசுல பெரியவங்க. மொத மாசம் காசு கேட்டப்ப சொன்னாங்க. வூட்டுக்காரரு கடுகு வாங்குனாக்கூட கணக்குக் கேப்பாராம். இது தெரிஞ்சா போன புடுங்கிருவாராம். வூட்டுல வாயத் தொறந்தா கணக்குதான் பேசுவாராம். இந்த ஒரு மணி நேரந்தான் நான் சிரிக்கிறேன்னு எழுதுனாங்க. அதுக்கப்பறம் எப்புடி சார் வாங்குறது?”

சவரியார் மீண்டும் உட்கார்ந்தார். அவருக்கும் இளகிய மனசு உண்டு.

“கட்டுனவகிட்ட கடுகுக்குக் கணக்கா? அவன்லாம் ஒரு மனுசனா?”

“தெரியல சார்.”

“தெரியலன்னா? வெக்கங்கெட்ட பய! நூத்தம்பது ரூபாய்க்கு ஒரு பொம்பளய அடுத்தவன் தயவுல வச்சுருக்கான். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். உங்க பாக்கி மொத்தத்தையும் வாங்கித் தரேன்.”

இன்னாசிமேரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, ஓலை எழுதிடலாம்.”

“இரு. இன்னும் முழுசா விசாரிக்கல.”

“நான் விசாரிச்சுட்டேன். தரகர்கிட்ட இந்தத் தம்பி பேரக் குடுத்ததே நான்தான்.”

“இவர உனக்கு எப்புடித் தெரியும்?”

அவள் கணவருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

“ஒம்போது மாசம். ஆயிரத்து முந்நூத்தம்பது. எண்ணி வைங்க.”