லிஃப்ட் இல்லாத நாலு மாடி

“அங்க பாரு. முழங்காலுக்கு மெத்தை கட்டிக்கிட்டு டைல்ஸ் ஒட்டறான்” என்றார் கொத்தனார்.

“கையில உறை வேற” என்றார் தச்சர்.

“எதுக்கு?”

“சிமென்ட் பட்டா கை எரியுமாம்.”

“எரியத்தான் செய்யும். சிமென்ட்டு என்ன சந்தனமா?”

இருவரும் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் கொத்தனாரின் மருமகன் எங்கே கட்டடம் கட்டினாலும் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் ஆஜர். செங்கல் அடுக்கின் மேல் காலிச் சாக்கை விரித்து உட்கார்ந்தால், சாயந்திரம் வரை இளவட்டங்களின் தலைதான் உருளும்.

“குடிக்க ஐஸ் தண்ணி. காதுல பாட்டு. நம்ம காதுல என்ன விழுந்துச்சு?” என்றார் கொத்தனார்.

“மேஸ்திரி திட்டு.”

“அதையும் வாங்கிக்கிட்டு சுவரு நேரா நின்னுச்சுல்ல? இப்ப அந்த லிஃப்ட்டைப் பாரு.”

கட்டடத்தின் பக்கவாட்டில் இரும்புக் கூண்டு ஒன்று, கலவைச் சட்டிகளைச் சுமந்துகொண்டு கடகடவென்று நாலாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கீழே சித்தாள் பெண் ஒருத்தி பொத்தானை அமுக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“பொத்தானை அமுக்கினா வேலை முடிஞ்சுது” என்றார் கொத்தனார், அவள் காதில் விழும்படியாகவே. “மார்க்கெட் பக்கத்துல நான் கட்டின நாலு மாடி இன்னிக்கும் நிக்குது. ஒரு விரிசல் உண்டா? லிஃப்ட்டா இருந்துச்சு அப்ப? மூங்கில் சாரம். அவ்வளவுதான்.”

அந்தக் கதையைக் கேட்காதவர் அந்த இடத்தில் யாரும் இல்லை. அவருக்கு ‘நாலு மாடி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்யும்.

மருமகன் போனும் கையுமாக வந்தான். “ஒரு நிமிஷம், லைன்ல இருங்க” என்று போனுக்குள் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினான்.

“மாமா, இந்த லிஃப்ட்டை வேற சைட்ல கேக்கறாங்க. நமக்கு மேல பூச்சு வேலைதான் பாக்கி. அனுப்பிட்டா கலவையைத் தலையில தூக்கிக்கிட்டு ஏறணும். ஆளுங்க முடியாதுங்கறாங்க.”

சித்தாள் பெண் இரண்டடி கிட்டே வந்தாள். மேலேயிருந்து பூசுகிறவர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன. எண்பது படி. ஒரு நாளைக்கு எத்தனை சட்டியோ அத்தனை எண்பது.

“என்ன முடியாது?” என்றார் கொத்தனார். “அனுப்புங்க மாப்பிள்ளை. நான் முடிக்கல?”

“அதான் உங்களைக் கேக்கறேன். அப்ப கலவை எப்படி மாமா மேல வந்துச்சு?”

“வந்துச்சு.”

“எப்படி?”

“எப்படின்னா? காலிச் சட்டியில கரண்டியால ரெண்டு தட்டு தட்டுவேன். வந்துரும். ஒரு நாள் தாமதம் கிடையாது. அது வேலை.”

“நானே பாத்திருக்கேன்” என்றார் தச்சர். “தட்டின கை எடுக்கறதுக்குள்ள வந்துரும்.”

இதற்கு மேல் மருமகனுக்கு என்ன சாட்சி வேண்டும்? போனைக் காதுக்குக் கொண்டுபோனான்.

அந்த நேரத்தில் கொத்தனாரின் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்து சேர்ந்தாள். இரண்டு கிழவர்களுக்கும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான்.

“அத்தை, நீங்களே சொல்லுங்க” என்றான் மருமகன். “மாமா லிஃப்ட் இல்லாமலே நாலு மாடி கட்டினாராமே. நெசமா?”

“நெசந்தான் தம்பி” என்றாள் கூடையை இறக்கிவைத்து.

கொத்தனார் மீசையைத் தடவிக்கொண்டே சித்தாள் பெண்ணைப் பார்த்தார். கேட்டுக்கொள் என்பது போல.

“அவருக்கு எதுக்குத் தம்பி லிஃப்ட்டு? காலையில ஒருதரம் ஏறுவாரு. மத்தியானம் சோறும் மேலேதான். பொழுது சாய ஒருதரம் இறங்குவாரு.”

“நடுவுல?”

“நடுவுல தட்டுவாரு.”

“தட்டினா?”

“நான் ஏறுவேன்.”

சித்தாள் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தச்சருக்குச் செருப்பில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

கொத்தனாரின் கை மீசையிலிருந்து இறங்கியது. அவருக்குத் தெரியாத விஷயமா? கல்யாணமான மறு வாரமே அவர் கொத்தனாராகவும் அவள் சித்தாளாகவும் ஒரே சாரத்துக்கு வேலைக்குப் போனவர்கள். ஆனால் கதையைச் சொல்லிச் சொல்லி, எந்த வருஷத்திலோ அவள் மட்டும் அதிலிருந்து கழன்று விழுந்துவிட்டாள். அவரும் குனிந்து தேடவில்லை.

“அலோ, வண்டி அனுப்பவா, வேண்டாமா?” என்றது போன்.

“அனுப்பச் சொல்லுங்க தம்பி” என்றாள் அவள். கோபமே இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னாள். “நாளைக்கு நான் மேல போய் உக்காந்துக்கறேன். கரண்டி ஒண்ணு குடுங்க, போதும். தட்டினா இவரு கொண்டாந்துருவாரு. ஒரு நாள் தாமதம் ஆகாது.”

மேலேயிருந்து யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே.

கொத்தனார் எழுந்து வந்து மருமகன் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

“வண்டி அனுப்பாதீங்க. லிஃப்ட் இங்கதான் இருக்கும்” என்றார். “நாலு மாடிங்க. தலைச்சுமையோட மனுஷன் ஏறுவானா?”