பத்தடி

கறுப்பர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவில் வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் ஒரு பெரியவரைக் காரிலிருந்து இறக்கிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். அது அங்கே தினமும் நடப்பதுதான். தெருவின் இளசுகள் துப்பாக்கியோடு வந்து நின்று அதைக் கண்காணிப்பதுதான் புதுசு. இன்றைக்கு நிற்பது தன் மகள் வாண்டா என்று தெரிந்ததும், எர்லீன் மாவு பிசைந்த கையோடு ஓடிவந்தாள்.

வாண்டாவின் துப்பாக்கி வானத்தைப் பார்த்தபடி இருந்தது. "துப்பாக்கியோட பத்தடி தள்ளி நின்னு பார்க்க எனக்கு உரிமை இருக்கு. சட்டம் சொல்லுது" என்றாள். குரலில் பிசிறே இல்லை.

போலீஸ்காரர் பெரியவரை விட்டுவிட்டுத் திரும்பினார். "இப்போ எத்தனை அடி?" என்று கேட்டு ஓரடி முன்னால் வைத்தார். வாண்டா ஓரடி பின்னால் வைத்தாள். அவர் இன்னோரடி வைத்தார். அவளும் வைத்தாள். இடைவெளி குறைந்தால் சட்டம் அவர் பக்கம் போய்விடும்.

எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று எர்லீன் மகளின் பின்னால் போய் நின்றாள். அடுத்த அடியில் வாண்டாவின் முதுகு அவள் மேல் வந்து முட்டியது. கறுப்புத் தோல் கோட்டில் அம்மாவின் இரண்டு கைகளும் வெள்ளையாகப் பதிந்தன. கோட்டுக்குள்ளே பிள்ளை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பின்னால போ" என்றாள் வாண்டா, திரும்பாமலேயே.

"சுவர் இருக்குடி."

போலீஸ்காரரும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டிருந்தார். அவசரமே இல்லாமல் அடுத்த காலைத் தூக்கினார்.