கப்பல் போட்ட தட்டு

‘படிக்கட்டும். முதலில் கடுதாசியைப் படிக்கட்டும். தட்டைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்துக்கொண்டாள் மெஹர்பானு.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் ராமையா செருமினார். பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். துரை வீட்டுச் சுவரில் டச்சுக்காரர்களின் ஒல்லாந்துப் பழந்தட்டுகளைப் பார்த்த நாளிலிருந்து அவற்றின் மேல் பித்தாகி, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறவர். மனைவி இறந்துபோன வீட்டில் முப்பத்தொரு தட்டுகளோடு தனியாக இருக்கிறார்.

ஈப்போவில் அந்தத் தட்டுகள் கிடைத்த கடை இது ஒன்றுதான். மெஹர்பானுவின் கணவர் பக்கீர் முகம்மது மலாக்காவின் பழைய வீடுகளில் வாங்கி வந்து விற்பார். இன்னும் சரக்குத் தேடி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியவரைப் பற்றி இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. கடைக் கதவில் இப்போது ஒரு பலகை மட்டும்தான் திறக்கிறாள். மிச்சம் ஒரே ஒரு தட்டு. ‘நான் வர்றவரைக்கும் இதை மட்டும் யாருக்கும் குடுத்துராதே’ என்று அவர் சொல்லிவிட்டுப் போனது.

“எத்தனை வெள்ளிக்கிழமை வந்து அந்தத் தட்டைக் கேட்டிருப்பேன் தங்கச்சி! இன்னைக்குப் பாயே பதில் போட்டுட்டார்லா,” என்றார் ராமையா. “கடை மூடிக் கிடக்குன்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல. தோட்டத்து விலாசத்துக்கு, என் பேருக்கு அனுப்பிச்சிருக்காரு.”

திரையோரமாக ஒரு காகிதம் நீண்டது. வாங்கிப் பார்த்தாள். நீல மை. உருண்டை உருண்டையாக, ஒரு வரிகூடச் சாயாத எழுத்து. வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள்.

“அவுக கைப்பட எழுதுனதுங்களா?”

“பின்னே? ஒவ்வொரு எழுத்தும் பாய் தன் கையால எழுதினது.”

“எனக்கு இந்த எழுத்து வாசிக்க வராதுங்க கிராணியாரே. நீங்களே படிங்க.”

காகிதம் திரும்பிப் போனது. ராமையா குரலைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“‘அன்புள்ள மெஹர்பானுவுக்கு, நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மழையில் நனையாதே. சரக்குச் சேர்ப்பதில் தாமதமாகிவிட்டது. நோன்பு மாதத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். அந்தக் கப்பல் தட்டை ராமையா கிராணியாரிடம் கொடுத்துவிடு. அதன் அருமை அவருக்குத்தான் தெரியும்.’ அவ்வளவுதான்.”

“இன்னொரு தடவை படிங்க.”

படித்தார்.

“முதல்லேருந்து... கொஞ்சம் மெதுவா.”

“என்ன தங்கச்சி, பரீட்சையா எழுதப் போறீங்க?” என்று அலுத்துக்கொண்டாலும் மூன்றாம் தடவையும் படித்தார். இந்த முறை அவர் குரலில் அவசரம் இல்லை. ‘நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா’ என்ற இடத்தில் மெஹர்பானு கண்களை மூடிக்கொண்டாள். காலையில் வடித்த சோறு அடுப்படியில் தொடாமல் கிடந்தது. ஒருத்திக்காக உலை வைப்பதே பெரிய வேலையாகிவிட்டது அவளுக்கு.

மடியில் தட்டு இருந்தது. பால் வெள்ளையின் நடுவே பாய் விரித்த நீலக் கப்பல். விளிம்பில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மஞ்சள் மண் எட்டிப் பார்த்தது. பின்பக்கம், சூளையில் சுடும்போது தட்டைத் தாங்கிய முளைகளின் மூன்று தழும்புகள். கண்ணை மூடியபடியே அவள் விரல் ஒவ்வொன்றையும் தொட்டு வந்தது. சுண்டினாள்.

அந்தச் சத்தம் போதும், ராமையாவுக்கு உடம்பெல்லாம் காதானது.

“கேட்டீங்களா? சீனத் தட்டு மணி மாதிரி பாடும். இது ஊமை. அதுதான் அசல்! அந்த வெள்ளை எதுலேருந்து வருதுன்னு தெரியுமா? ஈயம். இங்கே நம்ம ஈப்போ மண்ணுல தோண்டுறாங்களே, அதே வெள்ளீயம். அதைச் சாம்பலாக்கிப் பூச்சுல கலந்து, மண் தட்டு மேல பூசி, அதுக்கு மேல நீலத்துல வரைவாங்க. கோடு தப்பினா அழிக்க முடியாது.”

“தெரியும். தினமும் சுண்டிப் பாக்குறேன்.”

“ஊமைகிட்ட அப்படி என்ன பேச்சு?” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

“சரி, குடுங்க. சுத்தி எடுத்துட்டுப் போகத் துணி கொண்டாந்திருக்கேன். என் சுவத்துல நடு இடத்தை இதுக்குன்னே விட்டு வெச்சிருக்கேன்.”

“இதத் தர முடியாதுங்க.”

“என்ன இது? பாயே எழுதிட்டாரு. புருஷன் பேச்சுக்கு மறுபேச்சா?”

“அவுகளுக்குத் தமிழ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுங்க கிராணியாரே,” என்றாள் நிதானமாக. “சின்ன வயசுல ஓதுன அரபு எழுத்துதான் தெரியும். தமிழப் பேசுற மாதிரியே அந்த எழுத்துல, வலது பக்கத்துலேருந்து எழுதுவாக. எங்க வீடுகள்ல கடுதாசி அப்படித்தான். எனக்கும் அதுதான் வாசிக்க வரும்.”

வெளியே ஒரு மாட்டுவண்டி கடந்து போனது. பிறகு காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ, கையில வாங்கினதுமே தெரிஞ்சிருச்சு.”

“ம்.”

“தெரிஞ்சுமா மூணு தடவை படிக்கச் சொன்னீங்க?”

“சாப்பிட்டியான்னு கேட்டிருந்துச்சுல்ல.”

செருப்புச் சத்தம் வாசல்வரை போய் நின்றது. திரும்பி வந்தது.

“தங்கச்சி...” குரல் தணிந்திருந்தது. “தட்டு வேணாம். அதை நான் இனிமே கேக்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை சும்மா ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் கொண்டாந்து, படிச்சுட்டுப் போகட்டுமா?”

மெஹர்பானுவின் விரல் தட்டின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“வேணாங்க. அவுக எழுத்துலேயே வரட்டும்,” என்றாள் கடைசியில், மெதுவாக.