ராஜா நின்ற வாசல்

கிறிஸ்து அரசர் திருநாள் பவனி தையற்காரியின் வாசலைத் தாண்டப் போகிறது. கிறிஸ்துவாகவே வணங்கப்படும் அப்பத்தை நடுவில் வைத்துப் பங்குத்தந்தை ஏந்திவரும் நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. மகளின் நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணியும் கையுமாக ஓடிவந்த தையற்காரி, அவர் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். "சாமி, டாக்டர் கையை விரிச்சிட்டாரு. ராஜா ராஜான்னு பாடுறீங்களே, அந்த ராஜாவை என் பொண்ணைப் பார்க்க ஒரு எட்டு உள்ள வரச் சொல்லுங்க." "வழி விடும்மா, எல்லாரும் காத்திருக்காங்க," என்கிறார் பாடகர் குழுத் தலைவர். அவள் பிடி இறுகுகிறது. பாட்டு தானாகவே நின்றுபோக, உள்ளறையில் மகள் மூச்சுக்குத் திணறுவது தெருவரை கேட்கிறது. பங்குத்தந்தை தாழ்ந்த வாசலில் குனிந்து உள்ளே நுழைகிறார். கட்டிலருகே முழந்தாளிட்ட தையற்காரி கதிர்ப்பாத்திரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. மகளின் நெஞ்சையே பார்க்கிறாள். அது ஒருமுறை ஏறி இறங்குகிறது. அடுத்த முறைக்காக அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள்.