எர்த் கம்பி

"வெட்டினது நீங்கதான்னு எனக்குத் தெரியும்." மாடி வீட்டு வாசலில் நின்று பெரியவர் கத்தினார். கையில் அறுந்த செம்புக் கம்பி ஆடியது.

"நான் எதுக்கு சார் அதைத் தொடப்போறேன்?"

"கம்பி என் பால்கனிக்கு மேல போகுது, எடுங்கன்னு போன வாரம் குதிச்சது யாரு?"

"நேர்ல சொல்றவன் திருட்டுத்தனமா வெட்ட மாட்டான்." மாடி வீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்தினார்.

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் வாங்கியவன். சாயங்காலம் அங்கிருந்து அவன் பேசினால் வீட்டு ரேடியோவில் கேட்கலாம், பதில்தான் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான். இப்போது, "நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க" என்பதோடு சரி. அதிலும் பாதியை இரைச்சல் தின்றுவிடும்.

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் மனைவிக்கு அவன் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான் மொட்டை மாடியிலிருந்து பின்சுவர்வரை நீளமாக ஏரியல் கட்டினார். குழாயடி ஈரமண்ணில் இரும்புத் தடியை அடித்து இறக்கி, இரைச்சல் குறைய அதிலிருந்து ரேடியோவுக்கு எர்த் கம்பி இழுத்தார். அன்றைக்கே எர்த் கம்பியை யாரோ வெட்டினார்கள். ஒட்டினார். இன்று மறுபடியும்.

"போலீசுக்கே போறேன். அவனைச் சும்மா விடமாட்டேன்." சட்டையை எடுத்து மாட்டினார்.

"போகாதீங்க மாமா." மருமகள் குறுக்கே வந்து நின்றாள். "நான்தான் வெட்டினேன். ரெண்டு தடவையும்."

பெரியவருக்கு வார்த்தை நெருப்பாக வந்தது.

"கட்டின புருஷன் பேசுறது காதுல விழுந்தா உனக்கு எங்க எரியுது?"

அவள் வழியை விட்டு நகரவில்லை. அது அவரை இன்னும் கிளப்பியது.

"உள்ள படுத்திருக்கிறவ அவனைப் பெத்தவ. அவ கேட்கக்கூடாதுன்னு தடுக்க நீ யாரு? இந்த வீட்டுல இனிமே ஒரு நிமிஷம் இருக்காதே."

உள்ளே இருமல் கேட்டது. அவள் போய் அந்த அறைக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

"அத்தைக்கு உடம்பு தேறுறவரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம்னு இருந்தேன். இரைச்சல் போயிட்டா குரல் காட்டிக் கொடுத்துடும்."

"என்னத்தைக் காட்டிக் கொடுக்கும்?"

"நான் கெஞ்சிக் கேட்டதால பேசுறது அவரோட கப்பல் சிநேகிதர். உங்க மகன் இப்ப உயிரோட இல்ல, மாமா."