கைக்குட்டை அசையட்டும்

"ரோம்ல கூட்டம்னு ஓட்டல் அறையை விட்டே நீ வெளிய வரல. இந்த நாப்போலிக்கு நீயா கேட்டு வந்திருக்கியேடி!" என்று சிரித்தபடி, ஓர்னெல்லா தன் பன்னில் பாதியைப் பிய்த்து மகள் ஜினேவ்ராவிடம் நீட்டினாள்.

செப்டம்பர்த் திருநாள்; பேராலயத்தில் மூச்சுவிட இடமில்லை. குப்பியில் உறைந்திருக்கும் புனிதர் ஜென்னாரோவின் ரத்தம் இளகினால் வெள்ளைக் கைக்குட்டை அசைப்பார்கள். இளகாவிட்டால் கேடு என்பார்கள்.

"ஏய் மஞ்ச மூஞ்சி! இன்னும் எவ்வளவு நேரம்யா?" முன்வரிசைக் கிழவிகள் பொன்முகச் சிலையைப் பார்த்துப் புனிதரையே வைதார்கள்.

பதினாறு வயது ஜினேவ்ராவின் உதடு வெளுத்தது.

"வெளிய போயிடலாம் வாடி. நாளைக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியும், பயப்படாதே."

"கைக்குட்டை அசையட்டும்மா."

ஒருவழியாக அசைந்தது. கைதட்டலுக்கு நடுவே ஜினேவ்ரா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஆபரேஷன் அறை வாசலில் ஓர்னெல்லா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.

"அதான் உன் புனிதர் சொல்லிட்டாருல்ல?" என்றபடி ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டாள். அவள் உயிரோடு திரும்பவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜினேவ்ரா அந்தப் பேராலயத்துக்குப் போய் நிற்கிறாள். கூட்டத்தில் அவளுக்கு இன்னும் மூச்சு முட்டுகிறது.